முதல் வண்டி எத்தனை கிலோ?

புது பைக் வாங்கி வந்தவரிடம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது, “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?” கூட்டாளிகள் கேட்பது, “எத்தனை சி.சி.?” எடை எத்தனை கிலோ என்று கேட்பவரைப் பார்ப்பது அரிது. ஷோரூம்காரரும் தானாகச் சொல்வதில்லை. ஆனால் கியர் வண்டியை முதன்முறையாக ஓட்டப் போகிறவருக்கு மைலேஜையும் சி.சி.யையும்விட அதிகம் உதவும் எண் அதுதான்.

சி.சி. என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவு. அது பெரிதானால் ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் கூடும். வண்டியின் குணம் அதிலிருந்து மட்டும் தெரிந்துவிடாது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எஞ்சின் 349 சி.சி.; அது தருவது சுமார் 20 குதிரைத்திறன். இப்போதைய கே.டி.எம். 390 டியூக் 399 சி.சி. வெறும் 50 சி.சி.தான் கூடுதல், ஆனால் 46 குதிரைத்திறன். எடையோ குறைவு: கிளாசிக் 195 கிலோ, டியூக் 168 கிலோ. நூறு கிலோ எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால் கிளாசிக்கில் 10, டியூக்கில் 27. ஊரெல்லாம் ஓடும் ஸ்பிளெண்டரில் (97 சி.சி., 112 கிலோ) அந்தக் கணக்கு 7. பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டால் புதியவரின் வலது கை தன்னையறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கிவிடும். ஸ்பிளெண்டரில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. டியூக் பாய்ந்துவிடும்.

ஐரோப்பிய நாடுகள் இந்தத் திறனை உரிமத்திலேயே கட்டிப்போட்டிருக்கின்றன. அங்கே முதல் படியான ஏ1 உரிமத்துக்கு 125 சி.சி., 11 கிலோவாட் என்பது வரம்பு. அடுத்ததான ஏ2-வில் 35 கிலோவாட் வரை, அதாவது ஏறத்தாழ 47 குதிரைத்திறன். 390 டியூக் அந்த வரம்பின் விளிம்பில் நிற்கும் வண்டி. இந்தியாவில் 18 வயது நிரம்பி, ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் போதும், எந்த சி.சி. வண்டியையும் ஓட்டலாம். அந்த எட்டைக்கூடப் பலர் இரவல் வாங்கிய இலகுவான வண்டியில்தான் போடுகிறார்கள். சட்டம் வைக்காத படியை வாங்குபவரேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எடைக்கு வருவோம். வேகமாக ஓடும் வண்டி ஓரளவு தானே நிமிர்ந்துகொள்ளும். சிக்னலில் நிற்கும்போதும், நெரிசலில் ஊரும்போதும், சரிவில் திருப்பும்போதும் அதைத் தாங்குவது ஓட்டுபவரின் கால். புதியவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் இந்த ஊர்ந்து செல்லும் வேகத்தில்தான். விளம்பரத் தாளில் சீட் உயரத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். ஸ்பிளெண்டரின் சீட் உயரம் 785 மி.மீ.; ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350-இன் உயரம் 790. வித்தியாசம் அரை சென்டிமீட்டர். உட்கார்ந்து பார்த்தால் இரண்டிலும் கால் எட்டும். ஆனால் ஹன்டர் 181 கிலோ. அது ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், ஸ்பிளெண்டரைவிட ஏறத்தாழ எழுபது கிலோ கூடுதலான வண்டியை அந்த ஒற்றைக் கால் தடுத்து நிறுத்த வேண்டும். சீட்டின் அகலமும் உண்டு. சீட் அகலமானால் தொடை விரிந்து, அதே உயரத்திலும் பாதம் தரையிலிருந்து சற்று மேலே போய்விடும். ஆகவே உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, சீட்டில் இருந்தபடியே காலால் உந்திப் பின்னுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலிலும் கடைத்தெருவிலும் தினமும் செய்யப் போகிற வேலை அது.

அடுத்தது பிரேக். “முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கியடிச்சிடும்” என்பது நம் ஊரில் வண்டி சொல்லிக்கொடுப்பவர்களின் முதல் பாடம். அது தவறான பாடம். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது. பாரம் இழந்த பின்சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே காட்டியது: ஆபத்து நேரத்தில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்தார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் உண்டு. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அவர்கள் ஓட்டிய அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. மொத்தத்தில் அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு ஓட்டிய பழக்கம் இருந்தும்கூட. தம்பியின் வண்டியில் பழகிவிட்டேன், எனக்கு எதுவும் ஓடும் என்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

முன் பிரேக்கையும் மெல்ல மெல்ல அழுத்திப் பழக வேண்டும். வெடுக்கென்று பிடித்தால், அதுவும் மணல் கிடக்கும் வளைவில், வழுக்கத்தான் செய்யும். இங்கேதான் ஏ.பி.எஸ். கை கொடுக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை சென்சார் கண்டுபிடித்து, பிரேக் அழுத்தத்தைக் கணப்பொழுதில் விட்டு விட்டுப் பிடிக்கும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். அதற்குக் கீழே சி.பி.எஸ். போதும் என்றது அன்றைய விதி. காலால் மிதிக்கும்போது முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு அது. நல்லதுதான். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. 150, 160 சி.சி. வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் உருப்படியான பகுதி இந்த ஏ.பி.எஸ்.ஸுக்குப் போகிறது என்று சொல்லலாம்.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் பழகுவது நல்ல யோசனை. கீழே போட்டாலும் மனம் பதறாது. ஆர்.சி. புக்கில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, சேஸிஸ் எண் ஒத்துப்போகிறதா, முன் ஃபோர்க் வளையாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய வண்டிகளில் இரண்டை ஆசைக்காக முதலில் வாங்கக் கூடாது. ஒன்று, வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்குமாக வந்த பழைய புல்லட். அதில் பழகிய கால் மற்ற வண்டிகளில் தடுமாறும். இன்னொன்று ஆர்.எக்ஸ். 100. இலகுவான வண்டி, 11 குதிரைத்திறன், டூ-ஸ்ட்ரோக் சீறல். அவ்வளவு துடிப்புக்கு முன்னும் பின்னும் இருப்பது டிரம் பிரேக். அதன் அருமை ஓட்டத் தெரிந்த பிறகு தெரிந்தால் போதும்.

அப்படியானால் எதை வாங்குவது? உயரமும் உடல்வலுவும் சராசரியாக உள்ளவருக்கு 110 முதல் 140 கிலோ வரையுள்ள, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் கொண்ட வண்டி சரியான தொடக்கம். ஓசூர் டி.வி.எஸ்.ஸின் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 அந்த வரம்பின் மேல் முனையில் நிற்கிறது: 140 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 16 குதிரைத்திறன், ஏ.பி.எஸ். உண்டு. வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் 100, 125 சி.சி. தாராளம். பட்ஜெட் போடும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டின் விலையையும் வண்டியின் விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்வது நல்லது.

முன்பணம் கட்டும் முன் உரிமத்தோடு போய் டெஸ்ட் ரைடு கேளுங்கள். மெயின் ரோட்டில் ஒரு விரட்டு விரட்டிவிட்டுத் திரும்பி வராதீர்கள். காலியான தெருவில் முதல் கியரில், நடக்கும் வேகத்தில், இடமும் வலமுமாக இரண்டு யூ-டர்ன் போட்டுப் பாருங்கள். காலை ஊன்ற வேண்டி வந்தால், அதைவிட இலகுவான வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.