பத்து சதவீதத்துக்குப் பத்து லட்சம் டாலர்

2006-இல் நெட்ஃபிளிக்ஸ் டிவிடிகளைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விடும் அமெரிக்க நிறுவனம். 'இந்தப் படம் உங்களுக்குப் பிடிக்கும்' என்று சந்தாதாரருக்குச் சொல்ல சினிமேட்ச் என்ற மென்பொருளை வைத்திருந்தது. அதன் கணிப்பை 10 சதவீதம் கூடுதல் துல்லியமாக்கிக் காட்டினால் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அந்த அக்டோபரில் ஊரறிய அறிவித்தது.

சொந்த ஊழியர்களால் தீராத சிக்கலைப் பொதுவில் வைத்து வெளியாட்களிடம் விடை கேட்பதுதான் கிரவுட்சோர்சிங். இதில் கூட்டம் சேர்ப்பது பெரிய காரியமில்லை, பரிசுத் தொகையே சேர்த்துவிடும். வந்து குவியும் விடைகளில் எது உருப்படியானது என்று பிரிப்பதில்தான் கண் பிதுங்கும். அதற்குத்தான் டிஜிட்டல் திறன் வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் செய்ததைப் பாருங்கள். சுமார் 4,80,000 பேர் 17,770 படங்களுக்குக் கொடுத்த பத்து கோடி நட்சத்திர மதிப்பீடுகளை, ஆட்களின் பெயரை நீக்கிவிட்டு, போட்டியாளர்களுக்குத் தந்தது. இன்னும் சுமார் 28 லட்சம் மதிப்பீடுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவை என்னவாக இருக்கும் என்று போட்டியாளர் கணித்து அனுப்ப வேண்டும், கணினி உடனே திருத்திப் பிழையளவைச் சொல்லிவிடும். மதிப்பெண் போட நடுவர் குழு, சிபாரிசு எதுவும் கிடையாது. குருட்டாம்போக்கில் அனுப்பிப் பார்ப்பவர்களைத் தடுக்க, ஓர் அணிக்கு ஒரு நாளில் ஒரு முறைதான் வாய்ப்பு. அனுப்பியதில் பாதிக்கு மட்டுமே மதிப்பெண் வெளியில் தெரியும். மறுபாதியை வைத்துத்தான் வெற்றி முடிவாகும், எது எந்தப் பாதி என்று போட்டியாளருக்குத் தெரியாது. எனக்கு இந்தப் போட்டியில் மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான்.

தரவரிசை எல்லார் கண்ணிலும் பட்டதால், தனித்தனியாக மோதியவர்கள் போகப்போகக் கூட்டுச் சேர்ந்தார்கள். 2009-இல் வென்ற 'பெல்கோர்ஸ் பிராக்மாடிக் கேயாஸ்' அப்படி மூன்று அணிகள் இணைந்தது. அதே மதிப்பெண்ணை எடுத்த இன்னோர் அணி இருபது நிமிடம் பிந்தி அனுப்பியதால் பரிசை இழந்தது.

வென்ற தீர்வை நெட்ஃபிளிக்ஸ் முழுதாகப் பயன்படுத்தவே இல்லை. கிடைக்கும் கூடுதல் துல்லியம் அதை நிறுவும் உழைப்புக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டது. அதற்குள் இணையத்தில் நேரடியாகப் படம் காட்டும் தொழிலுக்கும் மாறியிருந்தது. ஆனால் 2007-இல் இடைப்பரிசு பெற்ற அணி கலந்து பயன்படுத்திய 107 வழிமுறைகளில் இரண்டை எடுத்துத் தன் அமைப்பில் சேர்த்துக்கொண்டது.

பெயரை நீக்கினால் போதும் என்று நினைத்ததுதான் வினையானது. அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அந்த மதிப்பீடுகளை ஐஎம்டிபி தளத்தில் பொதுவில் கிடந்தவற்றோடு ஒப்பிட்டுச் சிலரை அடையாளம் கண்டு காட்டினார்கள். வழக்கு வந்தது, அரசின் வர்த்தக ஆணையமும் கேள்வி கேட்டது. அறிவித்திருந்த இரண்டாவது போட்டியை 2010-இல் நெட்ஃபிளிக்ஸ் கைவிட்டது.