குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கணினி: எங்கே செலவிட வேண்டும்? எங்கே சிக்கனம் கூடாது?

புதுதில்லி: தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு என நாட்டின் எந்தக் கணினிச் சந்தைக்குச் சென்றாலும் 'கேமிங் பிசி' என்ற அறிவிப்பைக் காணலாம். அந்த ஒரே பெயரின் கீழ் சில ஆயிரம் ரூபாய் முதல் பல லட்சம் ரூபாய் வரை கணினிகள் விற்கப்படுகின்றன.

பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களில் கேமிங் கணினி என்பது விளையாட்டுக்கு மட்டுமான பொருள் அல்ல. கல்லூரிப் படிப்பு, நிரல் எழுதுதல், வீடியோ தொகுப்பு என அனைத்துக்கும் அதுவே பயன்படுகிறது. பல மாதச் சேமிப்பைக் கொண்டு ஒரே முறை வாங்கப்படும் பொருள் என்பதால், தவறான தேர்வைத் திருத்திக்கொள்ள மீண்டும் பணம் இருப்பதில்லை. குறைந்த பட்ஜெட்டில் கணினியை உதிரிபாகங்களாக வாங்கிப் பொருத்துவோர் கவனிக்க வேண்டியவை என்ன?

முதலில் விளையாட்டு, அடுத்து மானிட்டர்

எந்த விளையாட்டுக்காகக் கணினி என்பதை முடிவு செய்த பின்னரே பாகங்களைத் தேர்வு செய்ய வேண்டும். 'வேலொரண்ட்' விளையாட்டை நொடிக்கு 144 காட்சிச் சட்டங்களுக்கு மேல் இயக்க, அதன் நிறுவனம் குறிப்பிடும் கிராபிக்ஸ் கார்டு 2016-ல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மட்டுமே. ஆனால் 'சைபர்பங்க் 2077' விளையாட்டைக் குறைந்தபட்சத் தரத்தில் இயக்குவதற்கே 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, 12 ஜிபி ரேம், 70 ஜிபி எஸ்எஸ்டி இடம் ஆகியவை தேவை. முதல் விளையாட்டை மட்டும் ஆடுபவர் இரண்டாவதற்கான செலவைச் செய்ய வேண்டியதில்லை.

மானிட்டரும் செலவைத் தீர்மானிக்கிறது. 1080பி திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 1440பி திரையில் அது 36,86,400 ஆகவும், 4கே திரையில் 82,94,400 ஆகவும் உயர்கிறது. அதாவது, 4கே திரைக்கு கிராபிக்ஸ் கார்டு நான்கு மடங்கு புள்ளிகளை வரைந்தாக வேண்டும். குறைந்த பட்ஜெட்டுக்கு 1080பி திரையே பொருத்தமானது.

பணத்தைப் பங்கிடும் முறை

மானிட்டர் நீங்கலாக ரூ.60,000 கையில் இருப்பதாகக் கொள்வோம். இதில் 35 முதல் 40 சதவீதம், அதாவது ரூ.21,000 முதல் ரூ.24,000 வரை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவது பொதுவான கணக்கு. பிராசசரும் மதர்போர்டும் சேர்த்து சுமார் 30 சதவீதம். எஞ்சிய தொகையில் ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் ஆகியவற்றை வாங்க வேண்டும்.

பெரும்பாலான விளையாட்டுகளில் காட்சிகளை வரையும் வேலை கிராபிக்ஸ் கார்டையே சாரும் என்பதே இந்தப் பங்கீட்டின் அடிப்படை. விலை உயர்ந்த பிராசசரை வாங்கிவிட்டு கிராபிக்ஸ் கார்டில் சிக்கனம் பிடித்தால், பிராசசரின் திறனில் ஒரு பகுதி பயன்படாமலேயே கிடக்கும். ஆறு கோர்களும் 12 திரெட்களும் கொண்ட ரைசன் 5 5600 போன்ற இடைநிலை பிராசசர், 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 4060 வகைக் கார்டுக்குப் போதுமானது.

கணினி பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. வரி உட்பட ரூ.60,000 செலுத்தினால் அதில் சுமார் ரூ.9,150 வரியாகும். கடைக்காரர் கூறும் விலையில் வரி அடங்கியுள்ளதா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது அவசியம். உரிமம் பெற்ற விண்டோஸ், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் ஆகியவை பலரது கணக்கில் விடுபடும் செலவுகள். லினக்ஸ் இலவசம் என்றாலும், வேலொரண்ட் போன்ற சில விளையாட்டுகள் அதில் இயங்குவதில்லை.

'ஐ7' என்ற பெயர் மட்டும் போதாது

குறைந்த பட்ஜெட் வாடிக்கையாளர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். 'ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டுடன் கேமிங் பிசி' என மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் பல கணினிகளில் இருப்பது ஐ7-3770 போன்ற பழைய பிராசசர். அது 2012-ல் வெளிவந்தது. 2022-ல் வந்த ஐ3-12100எஃப் பிராசசரிலும் அதேபோல் நான்கு கோர்களும் எட்டு திரெட்களும்தான் உள்ளன. ஆனால் 'ஐ3' என்ற பெயரைத் தாங்கிய அந்தப் புதிய பிராசசரே வேகத்தில் வெகுவாக முந்துகிறது.

வேகம் மட்டுமே பிரச்சினை அல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வசதி தேவை. இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமே பொதுவாக அதிகாரப்பூர்வப் பட்டியலில் உள்ளன. விண்டோஸ் 11 கணினிகளில் வேலொரண்ட் விளையாட்டும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டையும் கட்டாயமாகக் கோருகிறது. எனவே விலைப்பட்டியலில் 'ஐ5', 'ஐ7' என்று மட்டும் எழுதியிருந்தால், முழு மாடல் எண்ணையும் எழுதித் தருமாறு கேட்க வேண்டும்.

இன்டெல் மாடல் எண்ணின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அந்த பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அதில் திரை ஒளிராது.

ரேம் விலை உயர்வு

2025-ம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக உயர்ந்தது பட்ஜெட் கணக்குகளை மாற்றிவிட்டது. உலகின் டிராம் சிப் உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களிடம் உள்ளது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகத்துக்கு இந்நிறுவனங்கள் முன்னுரிமை அளிப்பதால், சாதாரணக் கணினிகளுக்கான வரத்து குறைந்தது. சில்லறை வாடிக்கையாளர்களுக்கான 'குரூஷியல்' வணிகத்திலிருந்து வெளியேறுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது.

இந்நிலையில், பழைய இணையதளப் பரிந்துரைகளில் உள்ள விலைகளை நம்பித் திட்டமிடக் கூடாது. 16 ஜிபி ரேம் வாங்குவோர், வாய்ப்பிருந்தால் இரண்டு 8 ஜிபி ரேம்களாக வாங்கலாம். டிடிஆர்4-3200 வகையில் ஒரே ரேம் நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு ரேம்கள் இணைந்து இயங்கும்போது அது 51.2 ஜிபி ஆகிறது. உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பி விளையாடுவோருக்கு இந்த வேறுபாடு திரையிலேயே தெரியும்.

சிக்கனம் கூடாத இடம்

கணினியின் அனைத்துப் பாகங்களுக்கும் மின்சாரத்தைப் பிரித்து வழங்குவது எஸ்எம்பிஎஸ். விளையாட்டின் வேகத்தை அது கூட்டாது என்பதால், பணம் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் அதன் பங்குதான். கேபினெட்டுடன் இலவசமாகக் கிடைக்கும் தரமற்ற எஸ்எம்பிஎஸ் பழுதடைந்தால், மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே பாழாக்கக்கூடும். ஓரிரு ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தப் போய், பட்ஜெட்டின் பெரும்பகுதியையே இழக்க நேரிடும்.

தேவைக்கு மீறிய வாட் எண்ணும் வேண்டியதில்லை. ரைசன் 5 5600 பிராசசரின் மின்தேவை 65 வாட் என்ற வகையைச் சேர்ந்தது. ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் வரை எடுத்துக்கொள்ளும். பிற பாகங்களையும் சேர்த்தால் மொத்தம் 300 வாட்டுக்குள் அடங்கும். '80 பிளஸ் பிரான்ஸ்' சான்று பெற்ற, நம்பகமான தயாரிப்பாளரின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் இதற்குத் தாராளம். அந்தச் சான்று மின்சிக்கனத்தை மட்டுமே குறிக்கும் என்பதால், உத்தரவாத ஆண்டுகளையும் பார்த்து வாங்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் முறையான எர்த் இணைப்பும் யுபிஎஸ்ஸும் அவசியம்.

கோடையில் பல வட இந்திய நகரங்களில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. முன்பக்கம் கண்ணாடியால் மூடப்பட்ட அழகிய கேபினெட்டைவிட, காற்று புகும் வலைப்பின்னல் கொண்ட எளிய கேபினெட் இங்கு மேலானது. வெப்பம் கூடினால் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தவணை முறையில் வளரும் கணினி

முழுத் தொகையும் கையில் இல்லாதவர்கள் தரம் குறைந்த கிராபிக்ஸ் கார்டை வாங்குவதற்குப் பதிலாக, அதை வாங்குவதையே தள்ளிப்போடலாம். ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு. பாடங்களுக்கும் இலகுவான விளையாட்டுகளுக்கும் அது போதும். நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால், ஓராண்டுக்குப் பின் கிராபிக்ஸ் கார்டை மட்டும் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். எனினும் 5600 பிராசசரில் 32 எம்பி எல்3 கேஷ் இருக்க, 5600ஜி-யில் 16 எம்பி மட்டுமே உள்ளது. எனவே கார்டு பொருத்திய பிறகும் சில விளையாட்டுகளில் 5600 சற்று முன்னணியில் இருக்கும்.

இந்த பிராசசர்கள் பொருந்தும் ஏஎம்4 தளம் விலை குறைவு என்றாலும், அதன் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2022-ல் அறிமுகமான ஏஎம்5 தளத்தில் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும் என்பதால் தொடக்கச் செலவு அதிகம். ஆனால் பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதில் கூடுதல்.

பழைய கார்டும் பில்லும்

எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய ஏராளமான கிராபிக்ஸ் கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அத்தகைய கார்டை நேரில் அரை மணி நேரமாவது இயக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பெயரையும் கவனிக்க வேண்டும். 'ஆர்எக்ஸ் 580' கார்டின் அசல் வடிவில் 2,304 செயலிக் கூறுகள் உள்ளன. அதே பெயரில் விற்கப்படும் மற்றொரு வடிவில் 2,048 மட்டுமே உள்ளன.

புதிய பாகங்களைப் பொறுத்தவரை, வரிசை எண் குறிப்பிடப்பட்ட ஜிஎஸ்டி பில் இன்றியமையாதது. பில் இல்லாமல் வாங்கிச் சேமிக்கும் தொகை, உத்தரவாதம் மறுக்கப்படும் நாளில் பன்மடங்கு இழப்பாகிவிடும். பெட்டியின்றி விற்கப்படும் 'ட்ரே' பிராசசர்களுக்குப் பொதுவாகத் தயாரிப்பாளரின் நேரடி உத்தரவாதமோ குளிர்விப்பானோ கிடைப்பதில்லை.

பொருத்திய பின்

கணினியைப் பொருத்தி முடித்ததும் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி வசதியை இயக்கினால்தான் 3200 வேக ரேம் அந்த வேகத்தில் ஓடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் அமைப்பில் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடாமல் மாற்றப்பட வேண்டும். இவை எதற்கும் செலவில்லை. எனினும், பணம் கொடுத்து வாங்கிய வேகம் பலருக்குக் கிடைக்காமல் போவது இவற்றைச் சரிபார்க்காததால்தான்.

வண்ண விளக்குகளையும் பெட்டியில் அச்சிட்ட பெயர்களையும் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண், விலை, உத்தரவாதக் காலம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிடுவதே, குறைந்த பட்ஜெட்டில் வாங்குவோருக்குச் சிறந்த பாதுகாப்பு.