கொழுப்பை வரைய மறுத்தவர்

இங்கிலாந்தில் 1802ஆம் ஆண்டு சக்கைப்போடு போட்டது ஒரு மாட்டுப் படம். டர்ஹம் எருது என்று பேர்வாங்கிய அந்த மாடு 1,300 கிலோவுக்கு மேல் எடை. அதற்கென்றே செய்த வண்டியில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதன் அச்சுப்படம் ஒரே ஆண்டில் 2,000 பிரதிகளைத் தாண்டி விற்றது. அந்தக் காலத்துப் பண்ணைப் படங்களில் மாட்டின் உடம்பு பெட்டி மாதிரி இருக்கும். தலையும் கால்களும் ஒட்டவைத்ததுபோலச் சின்னதாக. இறைச்சிக்காகப் புதுப்புது இனங்களை உருவாக்கிப் போட்டிபோட்ட பண்ணையார்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது?

டர்ஹம் வட்டாரத்துப் பண்ணையார்கள் தாமஸ் பெவிக்கையும் (1753–1828) கூப்பிட்டார்கள். நியூகாசிலில் பட்டறை வைத்திருந்த இந்த மரச்செதுக்குக் கலைஞர், பார்ம்ப்டன் என்ற ஊருக்குப் போய் ஆடுமாடுகளைப் பார்த்து வரைந்து கொடுத்தார். படம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் வரைவதுபோல அங்கங்கே கொழுப்பை ஏற்றச் சொன்னார்கள். தன் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பை வரைய முடியாது என்று மறுத்ததை அவர் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

அவர் கைவசம் இருந்த தொழில்நுட்பமும் கண்ணால் கண்டதை நுணுக்கமாகக் காட்டக்கூடியது. பழைய மரச்செதுக்கில் பலகையின் நீளவாக்கில் கத்தியால் வெட்டுவார்கள். நார் குறுக்கிடும், நுணுக்கம் வராது. பெவிக், பாக்ஸ் என்னும் கடின மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் உலோகச் செதுக்கர்களின் கூருளியை ஓட்டினார். உளி போன இடம் வெள்ளை, மிச்சம் கறுப்பு. தூரத்து மரங்கள் மங்கலாகத் தெரிய வேண்டுமா? கட்டையில் அந்த இடத்தை மட்டும் லேசாகச் சீவித் தாழ்த்துவார். அழுத்தம் குறைந்து சாம்பல் நிறம் விழும். கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்தே அச்சேற்றலாம் என்பதால் 1790இல் வந்த அவரது நாற்கால் விலங்கு நூலில் படமும் பாடமும் ஒரே பக்கத்தில் அமைந்தன.

கடைசியில் அவர் செதுக்கிக்கொண்டிருந்தது, எலும்பு துருத்திய ஒரு கிழட்டுக் குதிரையை. அது முடியுமுன் இறந்துபோனார். உழைத்து ஓய்ந்த விலங்குக்கும் படத்தில் இடம் உண்டு என்ற எண்ணம் அதில் இருந்தது.

அடுத்த தலைமுறையில், பிரான்சில், அந்த எண்ணம் சந்தைக்கே வந்துவிட்டது. 1849இல் பாரிசில் காலரா பரவியபோது ஓவியர் ஷார்ல் ஜாக், தன் நண்பரான ஓவியர் மில்லேயோடு பார்பிசோன் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு ஆட்டுமந்தை, பன்றி, கோழி என்று அச்சிட்டுத் தள்ளினார். படங்களில் பண்ணையாரின் பெருமை போய், நகரவாசிகளின் கிராம ஏக்கம் வந்து உட்கார்ந்தது. அதுவும் ஒருவகை மிகைதான். ஆனால் ஜாக்கை வெறும் கிராமப் பித்தர் என்று தள்ளவும் முடியாது. கோழி வளர்ப்பில் அவர் கைதேர்ந்தவர். 1858இல் கோழிப்பண்ணை பற்றித் தானே எழுதி, தானே படமும் வரைந்து ஒரு நூல் வெளியிட்டார்.