புதுக் காரா, பழைய காரா? கணக்குப் பார்த்து வாங்குங்கள்!

பழைய பொருள் வாங்குவதா, புதுப் பொருள் வாங்குவதா? இந்தத் தலைப்பைப் பேச்சு மேடைக்குக் கொண்டு வந்தால் இரண்டு அணிக்கும் ஆள் உடனே சேர்ந்துவிடும். “அடுத்தவர் பயன்படுத்தி விட்டதை நாம் ஏன் வாங்க வேண்டும்?” என்று ஓர் அணி கேட்கும். “கடன் வாங்கிப் புதுசு வாங்கி, மாதக் கடைசியில் பால்மாவுக்குக் காசு இல்லாமல் திண்டாடலாமா?” என்று மறு அணி திருப்பிக் கேட்கும். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், மேசை, நாற்காலியில் தவறு நடந்தால் போவது நூறு, இருநூறு வெள்ளி. காரில் தவறு நடந்தால் ஒரு குடும்பத்தின் பத்தாண்டு உழைப்பே போய்விடும். ஆகவே, இந்த விவாதத்தைக் காரை வைத்தே பேசிப் பார்ப்பது நல்லது.

டெங்கிலை எடுத்துக்கொள்வோம். 1990களில் புத்ராஜெயா உருவானபோது பிராங் பெசார் போன்ற தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம்மவர் குடும்பங்கள் பல இங்கேதான் குடியேறின. தோட்டத்தில் வேலைக்குக் காட்டிற்குள் நடந்து போனார்கள். கோயிலும் பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. இங்கு வந்த பிறகோ வேலை புத்ராஜெயாவில், சைபர்ஜெயாவில், விமான நிலையத்தில்! புத்ராஜெயா எம்ஆர்டி வழித்தடம் 2023 மார்ச்சில் முழுமையாகத் திறக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் அந்த இரயிலைப் பிடிக்க டெங்கில்காரர் முதலில் புத்ராஜெயா போய்ச் சேர வேண்டும். இரவு வேலை முடிந்து வருகிறவருக்குக் கார் ஆடம்பரமல்ல, அரிசி பருப்பு போல ஓர் அவசியம்.

புதுக் காரின் கணக்கு

புதுக் காருக்குப் பெரிய பலம் நிம்மதி. உத்தரவாதம் உண்டு. முந்தைய விபத்து, மறைத்த பழுது என்ற பயம் இல்லை. வங்கியும் ஒன்பது ஆண்டு வரை தவணை தருகிறது. இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

உதாரணத்திற்கு, 50,000 வெள்ளி கார் ஒன்று. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குறைந்தது பத்து விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும். 5,000 வெள்ளி கட்டியாகிவிட்டது. மீதி 45,000 கடன். நம் நாட்டில் நெடுங்காலமாகக் கார் கடனுக்கு வட்டி போட்டு வந்த முறை என்ன? வாங்கிய முழுத் தொகைக்கும் எல்லா ஆண்டுக்கும் ஒரே வட்டி. நீங்கள் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் வட்டி முதல் நாள் தொகையின் மீதுதான்! மூன்று விழுக்காடு என்று வைத்தால், ஒன்பது ஆண்டில் வட்டி மட்டும் 12,150 வெள்ளி. மாதத் தவணை ஏறத்தாழ 530 வெள்ளி. குறைந்துகொண்டே வரும் கடனுக்குக் கணக்கிட்டால் அந்த ‘மூன்று விழுக்காடு’ உண்மையில் ஏறத்தாழ ஐந்தரை விழுக்காடு. கையெழுத்துப் போடுமுன் “வட்டி எந்த முறையில் போடுகிறீர்கள், மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?” என்று கேட்பது ஒவ்வொருவரின் உரிமை.

இன்னொன்றும் உண்டு. கடையை விட்டு வெளியே வந்த நாள் முதல் காரின் விலை இறங்குகிறது. முதல் சில ஆண்டுகளில்தான் இறக்கம் அதிகம். கடனோ மெதுவாகத்தான் குறைகிறது. இடையில் வேலை போனால், காரை விற்றாலும் கடன் அடையாத நிலை வரும். அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் காரைப் பறிமுதல் செய்யும் அறிவிப்பை அனுப்ப வங்கிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

பழைய காரின் கணக்கு

இப்போது மறு அணிக்கு வருவோம். 20,000 வெள்ளியில் ஒரு பழைய கார். 2,000 முன்பணம், 18,000 கடன். பழைய காருக்கு வங்கி வட்டியைக் கூட்டித்தான் போடும். நாலரை விழுக்காடு, ஐந்து ஆண்டு என்று வைத்தால் வட்டி 4,050 வெள்ளி. மாதம் 367 வெள்ளி 50 காசு. ஐந்தே ஆண்டில் கார் சொந்தம். விலை இறக்கத்தின் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் சுமந்துவிட்டார். மாதம் மிச்சமாகும் 160 வெள்ளியை டயர், பேட்டரி, பழுது பார்ப்பு என்று ஒதுக்கி வைத்தால் கணக்கு சரியாக வரும். அந்தப் பணத்தையும் செலவழித்துவிட்டுப் பட்டறையில் நின்று புலம்பினால் பயனில்லை.

ஆகப் பணக் கணக்கில் பழைய கார் முந்துகிறது. ஆனால், எந்தப் பழைய கார்?

வெள்ளம் பார்த்த கார்கள்

2021 டிசம்பரை யாராலும் மறக்க முடியாது. ஷா ஆலாம், கிள்ளான், உலு லங்காட் என்று சிலாங்கூரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. லங்காட் ஆற்றோரம் இருக்கும் டெங்கிலும் தப்பவில்லை. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. அதில் வாகனங்களுக்கு மட்டும் ஏறக்குறைய 100 கோடி வெள்ளி! சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேர்வதில்லை. தனிப்பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர்களுக்கு இழப்பீடு இல்லை. இப்படி மூழ்கிய காரைக் கழுவி, காய வைத்து, யாரிடமாவது தள்ளிவிடப் பார்ப்பவர்களும் இருப்பார்கள்.

வெள்ளம் பார்த்த கார் வாங்கிய அன்றே நின்றுவிடாது. சேறு கலந்த நீர் மின்கம்பி இணைப்புகளுக்குள் புகுந்து மெல்ல அரிக்கும். பல மாதம் கழித்து விளக்கு எரியாது, கதவுக் கண்ணாடி இறங்காது. விபத்தின்போது காற்றுப்பையை விரிக்கும் கருவி பல கார்களில் இருக்கைகளுக்கு நடுவே தாழ்வாக இருக்கிறது. அது கெட்டிருந்தால் ஆபத்து உயிருக்கே.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியலாம். கால்மிதியடிக்குக் கீழுள்ள கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கையின் அடியிலுள்ள இரும்பிலும் ஸ்பேர் டயர் இருக்கும் பள்ளத்திலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள். பிறகு, விற்பவருக்கு வேண்டியவர் அல்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

“புஸ்பாகோமில் பாஸ் ஆகிவிட்டது, கவலைப்படாதீர்கள்” என்று சொல்வார்கள். உரிமை மாற்றத்திற்கான பி5 பரிசோதனை, என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று முக்கியமாகப் பார்ப்பது. கார் வெள்ளத்தில் மூழ்கியதில்லை என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

காற்றுப்பை விஷயத்தில் இன்னொரு கவனமும் தேவை. 2014 ஜூலையில் சரவாக், சிபுவில் நடந்த விபத்தில் 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஒன்றின் தகாத்தா காற்றுப்பை வெடித்துச் சிதறி ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். உலகம் முழுவதும் பல நிறுவனக் கார்களில் இந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தர அழைப்பு விடுக்கப்பட்டது. ஆனால், அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய வீட்டுக்குப் போயிருந்தால், மூன்றாவது கையாக வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

‘சம்புங் பாயார்’ வேண்டாம்

“முன்பணம் வேண்டாம், மீதித் தவணையை மட்டும் கட்டு, காரை எடுத்துக்கொள்” என்ற பேச்சில் நம் இளைஞர்கள் பலர் மயங்குகிறார்கள். வங்கியின் சம்மதமில்லாமல் இப்படிக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டத்திற்குப் புறம்பானது. கார் உங்கள் பெயரில் இல்லை. மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், பெயருக்கு உரியவர் வந்து சாவியைக் கேட்டால் கையில் எந்த ஆதாரமும் இராது. பழைய கார் வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல.

முறையாகக் கடையில் வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். அதன் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி, மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 25,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி 50,000 வெள்ளியாக உயர்ந்தது. ஆனால், தனிப்பட்ட ஒருவரிடம் நேரடியாக வாங்கினால் இந்தக் கதவு திறக்காது. ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

எதைப் பழையதாக வாங்கக்கூடாது?

மரத் தளவாடம், புத்தகம், சைக்கிள், குழந்தைத் துணி ஆகியவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறே இல்லை. அவற்றின் குறையைக் கண்ணால் பார்த்துவிடலாம். தலைக்கவசமும் குழந்தை இருக்கையும் அப்படியல்ல. ஒரு முறை விபத்தில் அடிபட்டவை வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கும். 2020 ஜனவரி முதல் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். சட்டத்திற்குப் பயந்து ஏதோ ஒன்றை மலிவாக வாங்கி மாட்டிவைக்கக் கூடாது. டயரிலும் கவனம் வேண்டும். அதன் பக்கத்தில் 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். குறையைக் கண்ணால் காண முடியாத, உயிரைக் காக்க வேண்டிய பொருளைப் புதிதாகவே வாங்குங்கள்.

தீர்ப்பு என்ன? தவணை கட்டிய பிறகும் வீட்டுச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, சிறு சேமிப்பு மூன்றும் தடையில்லாமல் நடக்கும் என்றால் புதுக் கார் வாங்கலாம். இல்லையென்றால், நன்கு சோதித்த பழைய காரே புத்திசாலித்தனம். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்ற கவலை வேண்டாம். கோயில் வாசலில் டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழம், புதுக் காரா பழைய காரா என்று பார்த்து நசுங்குவதில்லை!