வளர்க்க இயலாத வைரசும் அதனைக் காட்டிய புரதமும்

குருதியேற்றத்தாற் பரவிய ஓர் ஈரலழற்சி, 1970களில் 'ஏயுமன்று, பீயுமன்று' என எதிர்மறையாகவே பெயர்பெற்றது. அதன் வைரசை ஆய்வுகூடத்தில் வளர்க்க எவராலும் இயலவில்லை.

அமெரிக்கக் கைரொன் நிறுவனத்தின் ஹோட்டன், சூ, குவோ ஆகியோர், பிராட்லியுடன் இணைந்து வேறுவழி கண்டனர். தொற்றுற்ற சிம்பன்சியின் குருதியிற் பெற்ற பரம்பரைப்பொருளின் துண்டுகளிலிருந்து பற்றீரியாக்களைக் கொண்டு புரதங்களை ஆக்குவித்தனர். நோயாளியின் பிறபொருளெதிரியுடன் பிணைந்த புரதமே வைரசைக் காட்டிக்கொடுத்தது. இம்முடிவு 1989இல் வெளியாயிற்று. மதுவத்தில் ஆக்கிய மீள்சேர்க்கைப் புரதத்தைக் கொண்டு 1990இலேயே தானக்குருதி சோதிக்கப்பட்டது. வைரசை வளர்த்தலோ 2005இலேயே கைகூடிற்று.

சூவும் குவோவும் விடுபட்டமையால் 2013இல் கனடாவின் கார்ட்னர் பரிசை ஹோட்டன் மறுத்தார். 2020இல் அவர் பெற்ற நோபல் பரிசிலும் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. கூட்டுழைப்பின் கனியைத் தனிமனிதர்க்கே உரித்தாக்கும் இம்மரபு மீளாய்வுக்குரியதென நாம் கருதுகின்றோம்.