குரோமுக்கு அரை ஆயுள் இல்லை

கதிர்வீச்சு என்றாலே அடிவயிறு கலங்குகிறது. காரணம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகம் ஒன்று ஏலம் விட்ட பழைய கருவி 2010இல் டெல்லி மாயாபுரியின் காயலான் கடைக்குப் போனது. உள்ளே இருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது. காமா கதிர் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி டிஎன்ஏவை அறுக்கும். அளவு மிஞ்சினால் சில வாரங்களில் சாவு, குறைந்தால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு. டிஎன்ஏவைக் கெடுக்கிற இன்னொரு பொருள் வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்துக்குப் பழக்கமானது. ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் யாரையும் இப்படி நடுங்கவைத்ததில்லை.

அது சல்பேட்டின் சாயலில் செல்லுக்குள் நுழைந்துவிடும். குரோமேட் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரல் புற்றுநோயை வைத்துத்தான் இதன் குணம் தெரியவந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதையும் கதிர்வீச்சையும் ஒரே முதல் பிரிவில் வைத்திருக்கிறது. டேனரிகளுக்குக் குரோம் உப்பு தயாரித்த ராணிப்பேட்டை தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களில் மூடியபோது விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 53 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். குரோமியம் அப்படித் தேயாது. மூன்று இணைதிறனுக்கு மாற்றி அதன் நஞ்சை அடக்கலாம், யாராவது செலவு செய்தால்.

டேனரி டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம்தானே என்பார்கள். உண்மைதான், குரோமில் பதனிட்ட வெட் ப்ளூ தோலைத் தொட்டவரெல்லாம் நோயாளி ஆவதில்லை. ஆனால் அந்த உப்பு பிறப்பது ஆறு இணைதிறன் டைகுரோமேட்டிலிருந்து. தோல் துண்டையும், தோலைத் தேய்த்து மெருகேற்றும்போது உதிரும் பஃபிங் தூளையும் எரித்தால் ஒரு பகுதி மறுபடி அதே வடிவத்துக்குத் திரும்புகிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றபின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. அவை கழிவுநீரைக் கவனிக்கும், தொழிலாளி மூச்சில் இழுத்த தூளை அல்ல.

வேகத்தில் கதிர்வீச்சுக்குக் குரோமியம் ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். நான் ஒப்பிடுவது கணக்கு வைக்கும் முறையை. கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு ஊழியர் சட்டையில் ஒரு பேட்ஜ் தொங்கும். அவர் வாங்கிய அளவு அவர் பெயரில் பதிவாகும். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது. பஃபிங் மெஷினில் நிற்பவருக்கு அப்படியொரு பேட்ஜ் கிடையாது. சிறுநீரில் குரோமியம் பார்க்கும் சோதனை புதிதல்ல. அந்த அளவுகள் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஏறியிருந்தால், முப்பது வருடம் கழித்து இருமலோடு வந்து நிற்பவரிடம் பீடி பிடிப்பீர்களா என்பதோடு டாக்டர் நிறுத்த வேண்டியிருக்காது.