தண்டவாள ஜப்பான் - 7: மூன்றாம் நாள் ஓடிய டிராம்

ஹிரோஷிமாவுக்கு வருகிறவர்களில் பலர் அங்கே இரவு தங்குவதில்லை. ஒசாகாவிலோ கியோட்டோவிலோ அறை எடுத்துக்கொண்டு, காலையில் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் ஏறி வந்து, அணுகுண்டு மண்டபத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ஷின்-ஒசாகாவிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது என்பதால் அந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால், அவர்கள் பார்ப்பது அழிந்த ஹிரோஷிமாவை மட்டும்தான். பிழைத்தெழுந்த ஹிரோஷிமாவைப் பார்க்க வேண்டுமானால் ஓர் இரவாவது தங்க வேண்டும், டிராமில் ஏற வேண்டும்.

டோக்கியோவிலிருந்து நேராக வந்தால் நொசோமி ரயிலில் ஏறக்குறைய 4 மணி நேரம். ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் நொசோமிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஷின்-ஒசாகா வரை ஹிகாரி ரயில், அங்கிருந்து சகுரா ரயில் என்று மாறி வந்தால் அந்தச் செலவு மிச்சம். ஜன்னலோர இருக்கைக்காக மெனக்கெட வேண்டாம். ஒசாகா தாண்டியதும் வழியில் பாதி சுரங்கம்தான்.

தங்குவதற்கு பிசினஸ் ஹோட்டல் போதும். அறை சிறியது; பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் மடித்து வைத்த யுகாதா அங்கி, செருப்பு, வெந்நீர்க் கெட்டில், ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய குளியல் தொட்டி என்று எல்லாம் அந்தச் சிறிய அறைக்குள் இருக்கும். பெரும்பாலும் மதியம் 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். அதற்கு முன் போனால் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: ஹாட்சோபொரி, கமியாச்சோ பக்கமாக, டிராம் நிறுத்தத்துக்கு அருகில் அறை பாருங்கள்.

கியோட்டோ, ஒசாகா, கோபே நகரங்கள் தங்கள் டிராம்களை நிறுத்தியபோது, பழைய வண்டிகளை வாங்கி ஓட்டிய ஊர் இது. ஆறுகள் கிளை பிரியும் கழிமுகத்தில் அமைந்த நகரத்தில் இன்றும் டிராம் ஒரு முக்கியமான வாகனம். 2025 ஆகஸ்ட் முதல் அது ரயில் நிலையக் கட்டடத்தின் மாடிக்கே ஏறி வந்து நிற்கிறது. ஷின்கான்சென்னிலிருந்து இறங்கியவர்கள் தெருவுக்கு இறங்காமலே நடந்துபோய் ஏறிக்கொள்ளலாம்.

இந்த டிராமுக்கு ஒரு போர்க்காலக் கதை உண்டு. அப்போது ஆண்கள் படைக்குப் போய்விட்டதால், டிராம் கம்பெனி 1943-ல் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கியது. அங்கே படித்த பதினான்கு முதல் பதினேழு வயதுப் பெண்கள் பாதி நேரம் வகுப்பிலும் மீதி நேரம் வண்டியிலும் இருந்தார்கள். டிக்கெட் கொடுத்தார்கள், வண்டியும் ஓட்டினார்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு அணுகுண்டு விழுந்தபோதும் அவர்களில் பலர் வேலையில் இருந்தார்கள். மூன்றே நாளில், ஆகஸ்ட் 9 அன்று, நகரின் மேற்குப் பக்கம் ஒரு சிறு தூரத்துக்கு டிராம் மறுபடி ஓடியது. உயிர் தப்பிய மாணவிகள் சிலர் அதில் கண்டக்டராக நின்றார்கள். சாம்பலுக்கு நடுவே ஒரு வண்டி ஊர்ந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் போக்குவரத்தாக இருந்திருக்காது. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பள்ளி மூடப்பட்டது; அந்தப் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு உரிய மரியாதை வெகுகாலம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

இன்றைய டிராம் அயோய் பாலத்தைக் கடந்து போகிறது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில ‘T’ எழுத்துபோல் தெரியும் இந்தப் பாலத்தைத்தான் அமெரிக்க விமானம் குறிவைத்தது. ஒரு பக்கம் மண்டபத்தின் எலும்புக்கூடு, மறுபக்கம் ஆறு. பள்ளிப் பிள்ளைகள் கைபேசியைப் பார்த்தபடி கடந்துபோகிறார்கள். அவர்கள் அப்படிப் போக முடிவதே பெரிய விஷயம் என்று எனக்குப் பட்டது.

அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் குறைந்த வேளையில் போங்கள். அங்கே துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருக்கிறது. குண்டில் இறந்த சின்னஞ்சிறு மகனோடு சேர்த்து அவன் தந்தை அதை வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்து இங்கே கொடுத்தார். அதைப் பார்த்தபின் உடனே ரயிலைப் பிடிக்க ஓட யாருக்கும் மனம் வராது.

இரவுக்கு ஒகோனொமியாகி. சூடான கல்லில் மாவைத் தோசைபோல் மெல்லியதாகத் தேய்த்து, மேலே மலைபோல் முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, பன்றி இறைச்சி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கித் திருப்பிப் போடுவார்கள். போருக்குப் பின் அரிசி இல்லாத காலத்தில், கிடைத்த கோதுமை மாவில் பசியாற்றிய உணவு இப்படி வளர்ந்தது. இறைச்சி வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாவின் மேல் தூவும் உலர்மீன் தூளையும் சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள்.

குண்டு விழுந்த அன்று நகரில் இருந்த 651, 652 எண் டிராம்கள் பழுது பார்க்கப்பட்டு இன்னும் ஓடுகின்றன. 651, குண்டு வெடித்த மையத்திலிருந்து சுமார் 700 மீட்டரில் நின்ற வண்டி. பெரும்பாலும் வேலைநாட்களின் காலை நெரிசலில்தான் இவற்றை எடுக்கிறார்கள். எனவே ஞாயிற்றுக்கிழமை வந்து தங்குங்கள். திங்கள் காலை சீக்கிரமே நிறுத்தத்துக்குப் போய் நில்லுங்கள்.

(பயணம் தொடரும்)